6,721 வாக்குகளில் பிறந்த சட்டமன்றம்

பிரிட்டனின் நான்கு நாடுகளில் ஒன்றான வேல்ஸின் மேற்குக் கரையில், அபெரிஸ்ட்வித் நகரத்துக்குத் தெற்கே போகும் சாலையோரம், பழைய கல்வீடு ஒன்றின் சுவர் மட்டும் மிச்சமாக நிற்கிறது. சிவப்புப் பூச்சின் மேல் வெள்ளை எழுத்தில் வெல்ஷ் மொழியில் இரண்டே சொற்கள்: ட்ரவெரினை மறவாதீர். யாரோ அதை அழிப்பார்கள், ஊர்க்காரர்கள் மறுபடி எழுதுவார்கள். 2019-இல் சுவரின் ஒரு பகுதியையே இடித்துத் தள்ளினார்கள். தன்னார்வலர்கள் வந்து கல்லைக் கல்மேல் வைத்துத் திரும்பக் கட்டினார்கள்.

ட்ரவெரின் ஒரு பள்ளத்தாக்கு. அதில் கப்பெல் கெலின் என்று ஒரு சிற்றூர் இருந்தது. சில வீடுகள், பண்ணைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் நிலையம், ஒரு சிறு தேவாலயம், அதையொட்டி இடுகாடு. ஊர் முழுக்க வெல்ஷ் பேசியவர்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1957-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேல்ஸில் அப்போது 36 எம்.பி.க்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 1965-இல் ஊர் நீருக்குள் போனது. 2005-இல் லிவர்பூல் நகரசபை மன்னிப்புக் கேட்டது.

வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் ஏன் வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரின் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு நாட்டின் பிரதிநிதிகளில் ஒருவர்கூட ஏற்காத ஒன்று, அந்த நாட்டின் மண்ணிலேயே சட்டப்படி நடக்கும் என்றால், அந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்ய எழுந்ததுதான் இன்று கார்டிஃப் விரிகுடாவில் இருக்கும் செனெத். வெல்ஷ் மொழியில் நாடாளுமன்றத்தைக் குறிக்கும் சொல் அது.

அது பிறந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதில் வேல்ஸ்காரர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையில் பாதி, அங்கே உட்கார்ந்தவர்களின் திறமையைப் பற்றியே நடக்கிறது. அவர்கள் கையில் என்ன கருவியைக் கொடுத்து அனுப்பினார்கள் என்பதை அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே மன்றத்துக்கு இருபது ஆண்டுகளுக்குள் நான்கு தடவை விதிகளை மாற்றி எழுத வேண்டிவந்தது. முதல் விதி சரியாக இருந்திருந்தால் இரண்டாவது தேவைப்பட்டிருக்காது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய ஓவைன் க்ளின்டூர், 1404-இல் மகின்லெத் நகரில் ஒரு நாடாளுமன்றத்தைக் கூட்டினார். அந்தக் கிளர்ச்சி அடங்கிப்போனது. 1536-இல் எட்டாம் ஹென்றி வேல்ஸை இங்கிலாந்தோடு சட்டப்படி இணைத்தார், நீதிமன்றங்களில் ஆங்கிலம் மட்டுமே என்றார். ஸ்காட்லாந்து 1707-இல் இணைந்தபோது தன் நீதிமன்ற முறையையும் சட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டது. வேல்ஸுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. 'இங்கிலாந்தும் வேல்ஸும்' என்று ஒரே மூச்சில் சொல்லும் ஒரே சட்ட நிலப்பரப்பு அது. இந்த வேறுபாடு பின்னால் பெரிய தொல்லையாக வந்து நிற்கும்.

1964-இல் லண்டன் அமைச்சரவையில் வேல்ஸுக்கென ஓர் அமைச்சர் பதவி உருவானது. கப்பெல் கெலினில் எழுந்த கோபத்துக்கும் அதில் பங்கு உண்டு. அடுத்து, ஒரு மன்றம் அமைக்கலாமா என்று 1979 மார்ச் 1 அன்று, வேல்ஸின் காவல் புனிதர் டேவிட்டின் திருநாளில், மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஐந்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். வெல்ஷ் பேசும் வடமேற்கு தங்களை ஆட்டிவைக்குமோ என்று தெற்கிலிருந்த ஆங்கிலம் பேசும் தொழிலாளர் ஊர்கள் பயந்தன. வடக்கிலோ, தெற்கின் தொழிற்கட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். மன்றத்தை முன்மொழிந்த தொழிற்கட்சியின் எம்.பி.க்கள் சிலரே வீதிக்கு வந்து எதிர்த்துப் பிரசாரம் செய்தார்கள். பின்னாளில் அந்தக் கட்சியின் தலைவரான நீல் கின்னக் அவர்களில் ஒருவர்.

அப்படி மறுத்தவர்கள் பதினெட்டே ஆண்டுகளில் மனம் மாறியது ஏன்? அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் லண்டனில் கன்சர்வேடிவ் ஆட்சி. வேல்ஸோ தேர்தலுக்குத் தேர்தல் தொழிற்கட்சிக்குத்தான் பெரும்பான்மை தந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது. 1987-லிருந்து வேல்ஸ் அமைச்சராக வரிசையாக வந்த நான்கு பேரும், பீட்டர் வாக்கர், டேவிட் ஹன்ட், ஜான் ரெட்வுட், வில்லியம் ஹேக், இங்கிலாந்துத் தொகுதிகளின் எம்.பி.க்கள். வேல்ஸில் ஒரு வாக்கு கேட்க வேண்டிய அவசியமும் இல்லாதவர்கள் வேல்ஸின் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நிர்வகித்தார்கள். அவர்கள் நியமித்த வாரியங்கள் கோடிக்கணக்கில் செலவழித்தன. கேள்வி கேட்கத்தான் இடமில்லை. வேல்ஸ்காரர்களில் பலர் இதற்குப் பிறகுதான் மன்றத்தை ஓர் அடையாளப் பிரச்சினையாகப் பார்ப்பதை விட்டு, பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு என்ற பிரச்சினையாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

1997 மே தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சிக்கு வேல்ஸின் 40 இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசு செப்டம்பர் 18-இல் மறுபடி வாக்கெடுப்பு நடத்தியது. ஒரு வாரம் முன்னால் ஸ்காட்லாந்து தெளிவாக 'ஆம்' சொல்லியிருந்தது.

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேல்ஸில் 22 உள்ளாட்சிப் பகுதிகள். முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இங்கிலாந்து எல்லையை ஒட்டிய கிழக்கு முழுக்க 'வேண்டாம்'. சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் வெல்ஷ் பேசும் மேற்கிலும் 'வேண்டும்'. தலைநகர் கார்டிஃப் வேண்டாம் என்றது, தன் ஊரில் வரப்போகும் மன்றத்தையே. 21 பகுதிகள் முடிந்தபோது 'வேண்டாம்' தரப்பு ஏறக்குறைய 16,000 வாக்குகள் முன்னால் இருந்தது. தொலைக்காட்சிகளில் தோல்விக்கான விளக்கங்களே தொடங்கிவிட்டன. அதிகாலையில் கடைசியாக வந்தது கார்மார்தன்ஷயர். மேற்கில் விவசாயமும் பால்பண்ணையும் வெல்ஷ் பேச்சும் உள்ள பகுதி. அங்கே 65 விழுக்காடு 'ஆம்'. கணக்கு புரண்டது. மொத்தத்தில் 'ஆம்' 50.3 விழுக்காடு, வித்தியாசம் 6,721 வாக்குகள். வாக்களிக்க வந்தவர்களோ பாதிப் பேர்தான்.

இந்த 6,721 என்ற எண் மன்றத்தின் முதல் பத்தாண்டுகளை நிழல்போலத் தொடர்ந்தது. நாட்டில் நான்கில் ஒருவர்தான் வேண்டும் என்று வந்து வாக்களித்தார் என்ற நிலையில், துணிந்து அதிகாரம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. வாக்கெடுப்பை முன்னின்று நடத்திய அமைச்சர் ரான் டேவிஸ், லண்டனின் அதிகாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் இந்த அதிகாரப் பகிர்வு என்பது ஒரு நாளில் முடியும் நிகழ்ச்சி இல்லை, தொடர்ந்து நடக்கும் வேலை என்று அடிக்கடி சொன்னார். அன்று அது குறைந்த அதிகாரத்துக்கு ஒரு சமாதானம்போலக் கேட்டது. பின்னால் நடந்ததெல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்தது.

சரி, 1999 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு கூடிய 60 பேர் கையில் என்ன இருந்தது? சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அது முதல் நாளே கிடைத்தது. வேல்ஸ் மன்றத்துக்குக் கிடைத்தவை, லண்டன் இயற்றும் சட்டங்களுக்குள் அமைச்சர்களுக்கு விடப்படும் சில்லறை விதிகளை எழுதும் வேலைகள் மட்டுமே. அதுவும் சட்டத்துக்குச் சட்டம் வேறுபட்டது. பள்ளிகள் பற்றிய ஒரு சட்டத்தில் நிறைய இடம் விட்டிருப்பார்கள், அடுத்த சட்டத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள். எதில் எவ்வளவு அதிகாரம் என்று தெரிந்துகொள்ளவே வழக்கறிஞரைக் கேட்க வேண்டிய நிலை.

அதைவிட விசித்திரம், ஆட்சியும் மன்றமும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆளாக இருந்தன. அமைச்சர்கள், உறுப்பினர்கள், அதிகாரிகள் எல்லாருமே 'மன்றம்' என்ற ஒற்றைச் சட்ட உருவின் பகுதிகள். உள்ளாட்சிக் குழுவின் அச்சில் வார்த்தது அது. அமைச்சரைக் கேள்வி கேட்க வேண்டிய குழுவில் அந்த அமைச்சரே உறுப்பினர். தவறு நடந்தால் யாரைக் கேட்பது?

ஆனாலும் ஒன்பதே மாதத்தில் அது தன் பலத்தைக் காட்டியது. மேற்கு வேல்ஸுக்கும் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேம்பாட்டு நிதி வரவிருந்தது. அதற்கு இணையாக லண்டன் தன் பங்கைக் கூடுதலாகத் தர வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். மன்றத்தின் முதன்மைச் செயலராக, அதாவது இன்றைய முதலமைச்சர் இடத்தில், லண்டனின் விருப்பப்படி வந்து உட்கார்ந்த ஆலன் மைக்கேலால் உறுதி சொல்ல முடியவில்லை. 2000 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த ரோட்ரி மோர்கன், கார்டிஃப் மக்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர். விரைவிலேயே தன் அமைச்சரவையை 'வேல்ஸ் மன்ற அரசு' என்று அழைக்கத் தொடங்கினார். சட்டத்தில் அப்படி ஓர் அரசே இல்லை! தேவை முதலில் வந்தது, சட்டம் 2006-இல்தான் வந்தது.

கை கட்டப்பட்ட அந்தக் காலத்திலும் விதிகளுக்குள் நின்றுகொண்டே செய்தவை உண்டு. முதியவர்களுக்கு இலவசப் பேருந்து 2002-இல் வந்தது. மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் எல்லாருக்கும் இலவசம் என்பது 2007 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் இதைச் செய்த முதல் நாடு வேல்ஸ். வடக்கு வேல்ஸின் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த கொடுமைகள் விசாரணையில் வெளிவந்தபின், பிரிட்டனிலேயே முதலாகக் குழந்தைகளுக்கென ஓர் ஆணையர் 2001-இல் பதவியேற்றார். 2003 தேர்தலில் 60 பேரில் 30 பேர் பெண்கள். உலகத்தில் எந்தச் சட்டமன்றமும் அதற்கு முன் அந்தச் சமநிலையை எட்டியதில்லை.

பற்றாக்குறை எங்கே வலித்தது என்பதற்குப் புகைத் தடையைப் பார்க்கலாம். பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்ய வேண்டுமென்று வேல்ஸ் மன்றம் 2003-லேயே வாக்களித்தது. தடைசெய்யும் அதிகாரம்தான் இல்லை. லண்டன் சட்டம் இயற்றி அதில் வேல்ஸுக்கு இடம் விடும்வரை காத்திருந்தார்கள். இதற்கிடையில் அயர்லாந்து 2004-இல் தடை கொண்டுவந்தது, ஸ்காட்லாந்து 2006-இல் கொண்டுவந்தது. முதலில் கேட்ட வேல்ஸுக்கு 2007 ஏப்ரலில்தான் கிடைத்தது.

ரிச்சர்ட் பிரபு தலைமையிலான ஆணையம் 2004-இல் தெளிவாகச் சொன்னது: முழுச் சட்டமியற்றும் அதிகாரம் கொடுங்கள், உறுப்பினர்களை 80 ஆக்குங்கள், தேர்தல் முறையை மாற்றுங்கள். லண்டன் அரசு பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு சுற்றுவழியில் கொடுத்தது. 2006 சட்டம் அரசையும் மன்றத்தையும் பிரித்தது, அது நல்லது. சட்டமியற்றவோ ஒரு புதுமையான பாதை போட்டது. ஒரு பொருளில் சட்டம் இயற்ற வேண்டுமானால், அந்தப் பொருளை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று முதலில் லண்டனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். லண்டன் அமைச்சரவையின் வேல்ஸ் அமைச்சர் ஏற்க வேண்டும், நாடாளுமன்றக் குழுக்கள் அலச வேண்டும், இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும், கடைசியில் அரசியின் ஆணை வர வேண்டும். அதற்கப்புறம்தான் கார்டிஃபில் உண்மையான சட்ட வரைவு தொடங்கும்.

இது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரே ஒரு வீட்டு விவகாரம் போதும். அரசு வாடகை வீட்டில் குடியிருப்பவர் அதைத் தள்ளுபடி விலையில் சொந்தமாக வாங்கிக்கொள்ளும் உரிமை பிரதமர் தாட்சர் காலத்தில் வந்தது. வீடுகள் விற்றுத் தீர்ந்தன, புதிய ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. நெருக்கடியான பகுதிகளில் இந்த விற்பனையை நிறுத்திவைக்க வேண்டுமென்று 2007-இல் கார்டிஃபில் பதவியேற்ற கூட்டணி அரசு முடிவெடுத்து அதிகாரம் கேட்டது. உரிமையையே ஒழித்துவிடுவார்களோ என்று லண்டன் தயங்கியது. விண்ணப்பம் போனது, திரும்பியது, மாற்றி எழுதப்பட்டது. 2010-இல்தான் அதிகாரம் கிடைத்தது. 2011-இல் தற்காலிகமாக நிறுத்த வழி பிறந்தது. முழு அதிகாரம் வந்தபிறகு 2018-இல் நேரடியாக ஒரு சட்டம் போட்டு, 2019 ஜனவரியில் அந்த விற்பனையையே முடித்துவைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள். நடுவில் விற்றுப்போன வீடுகள் திரும்ப வராது. அதிகாரம் தாமதமாக வருவதற்கு இப்படி ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர்கள் வீட்டுப் பட்டியலில் காத்துக்கிடக்கும் குடும்பங்கள்.

இந்தச் சுற்றுவழியில் நான்கு ஆண்டு அலைந்தபின் 2011 மார்ச் 3-இல் மறுபடி மக்களிடம் போனார்கள். இருபது துறைகளில் லண்டனைக் கேட்காமல் சட்டம் இயற்றலாமா? 63.5 விழுக்காடு 'ஆம்'. 22 பகுதிகளில் மான்மத்ஷயர் மட்டும் சில நூறு வாக்குகளில் மறுத்தது. 1979-இல் ஐந்தில் நான்கு பேர் மறுத்த அதே நாடு. வாக்களித்தவர்கள் 35 விழுக்காடுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 1997-இல் வேண்டாம் என்ற கார்டிஃபும் எல்லையோரக் கிழக்கின் மற்றப் பகுதிகளும் இம்முறை ஆம் என்றன. பன்னிரண்டு ஆண்டு அதோடு வாழ்ந்து பார்த்து எடுத்த முடிவு அது.

முழு அதிகாரம் கிடைத்ததும் என்ன செய்தார்கள் என்பதற்கு உடல் உறுப்புத் தானச் சட்டம்தான் நல்ல எடுத்துக்காட்டு. உயிரோடு இருக்கும்போது மறுப்புத் தெரிவிக்காதவர் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்ற விதி. பழைய முறையில் இதற்கு அதிகாரம் கேட்டபோது முட்டுக்கட்டை விழுந்தது. 2013-இல் சட்டம் நிறைவேறி, மக்களுக்கு விளக்கிச் சொல்ல இரண்டாண்டுகள் எடுத்துக்கொண்டு, 2015 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்து 2020-இல் பின்தொடர்ந்தது, ஸ்காட்லாந்து 2021-இல், வட அயர்லாந்து 2023-இல். அதேபோல 2011 அக்டோபரில் கடைப் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வேல்ஸில்தான் பிரிட்டனில் முதலில் வந்தது. இங்கிலாந்துக்கு அது நான்கு ஆண்டு கழித்துப் போனது. முப்பது லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் உள்ள ஒரு சிறு நாடு முயன்று பார்க்க, பெரியவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பகிர்வு மன்றத்தால் மொத்த நாட்டுக்கும் கிடைக்கும் நன்மை இது, இதைப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை.

மன்றம் இயற்றியவை நீதிமன்றத்துக்கும் போயின. முழு அதிகாரத்தின் கீழ் நிறைவேறிய முதல் சட்டமே உள்ளாட்சித் துணைவிதிகள் பற்றிய சாதாரணமான ஒன்று. அதையும் பிரிட்டன் அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு இழுத்தார், தோற்றார். 2013-இல் விவசாயக் கூலி வாரியத்தை லண்டன் ஒழித்தபோது, வேல்ஸ் பண்ணைத் தொழிலாளர்களுக்கு அந்தக் கூலிப் பாதுகாப்பைக் காப்பாற்ற கார்டிஃப் அவசரச் சட்டம் போட்டது. இது விவசாயமா, வேலைவாய்ப்புச் சட்டமா? விவசாயம் வேல்ஸுக்குப் பகிரப்பட்ட துறை. வேலைவாய்ப்புச் சட்டம் பற்றி எதுவும் எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டது தடையாகாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் வேல்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஆஸ்பெஸ்டாஸ் நோயாளிகளின் மருத்துவச் செலவை அவர்களை வேலைக்கு வைத்த நிறுவனங்களிடமும் காப்பீட்டாளர்களிடமும் வசூலிக்க முயன்ற இன்னொரு சட்டம் 2015-இல் அதே நீதிமன்றத்தில் அடிபட்டது.

பட்டியலில் உள்ளவை மட்டும் உனக்கு என்று சொன்னதால்தான் இத்தனை வழக்கு. ஸ்காட்லாந்துக்கு முதலிலிருந்தே வேறு முறை: லண்டனுக்கானவை மட்டும் பட்டியலில், மீதியெல்லாம் உனக்கு. 2017-இல் இயற்றிய சட்டம், 2018 ஏப்ரல் முதல், வேல்ஸையும் அந்த முறைக்கு மாற்றியது. ஆனால் லண்டன் தனக்கென வைத்துக்கொண்ட பட்டியல் மிக நீளம். காவல்துறை, நீதிமன்றங்கள், சிறைகள் இன்றும் லண்டனிடம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் உள்ளவை வேல்ஸுக்கு மட்டும் இல்லை. 1536-இல் போட்ட முடிச்சு இது. போதைக்கு அடிமையானவரின் சிகிச்சை கார்டிஃபின் பொறுப்பு, அவரைக் கைதுசெய்வது லண்டனின் பொறுப்பு. தாமஸ் பிரபுவின் ஆணையம் 2019-இல் நீதித் துறையை வேல்ஸுக்கு மாற்றச் சொன்னது. இன்னும் மாறவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் திறனைப் பேச முடியாது. வேல்ஸ் அரசின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2,600 கோடி பவுண்டு. பெரும்பகுதி லண்டனிலிருந்து வரும் மொத்த மானியம். அதை நிர்ணயிப்பது 1970-களின் பார்னெட் சூத்திரம். இங்கிலாந்தில் பகிரப்பட்ட துறைகளில் செலவு கூடினால், மக்கள்தொகை விகிதப்படி வேல்ஸுக்கும் ஒரு பங்கு கூடும். வேல்ஸில் முதியோர் அதிகம், நோய் அதிகம், வறுமை அதிகம் என்பதைச் சூத்திரம் பல பத்தாண்டுகளாகக் கணக்கில் எடுக்கவே இல்லை. 2016-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் தேவைக்கேற்ற ஒரு சிறு கூட்டல் வந்தது. லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் அதிவேக ரயில் பாதையில் ஓர் அடிகூட வேல்ஸ் மண்ணில் இல்லை. ஆனால் அது 'இங்கிலாந்து-வேல்ஸ் திட்டம்' என்று வகைப்படுத்தப்பட்டது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பங்கு கிடைத்தது, வேல்ஸுக்கு இல்லை. ஒரு மன்றத்தின் கையிலிருந்து பெரும் தொகையை எடுக்கச் சட்டத் திருத்தம் வேண்டாம், கணக்கேட்டில் ஒரு தலைப்பை மாற்றினால் போதும் என்பதை இதில் பார்க்கலாம். 2018-இல் நிலப் பரிமாற்ற வரி வேல்ஸ் கைக்கு வந்தது. 2019-இல் வருமான வரியில் பவுண்டுக்கு 10 பென்ஸ் பங்கும் வந்தது.

இவ்வளவும் சொன்னபிறகு, மன்றத்தின் சொந்தத் தோல்விகளை மறைத்தால் அது நேர்மை ஆகாது. பள்ளிக் கல்வி முதல் நாளிலிருந்தே அதன் கையில்தான் இருந்தது. 2001-இல் பள்ளிகளின் தேர்வு முடிவுகளைத் தரவரிசையாக வெளியிடுவதை வேல்ஸ் நிறுத்தியது. குழந்தைகள்மேல் அழுத்தம் வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். இங்கிலாந்து அதைத் தொடர்ந்தது. பத்தாண்டு கழித்து பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டபோது, நிறுத்தியதால் வேல்ஸ் பள்ளிகளின் தரம் சரிந்தது தெரிந்தது. பலவீனமான பள்ளிகளில் படித்த குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பன்னாட்டு ஒப்பீடான பீசா தேர்வில் பிரிட்டனின் நான்கு நாடுகளில் வேல்ஸ் தொடர்ந்து கடைசியில் வந்தது, 2022-லும் அப்படித்தான். மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலும் அதேபோல நீண்டது. வடக்கு வேல்ஸின் சுகாதார வாரியம் 2015-இல் அரசின் நேரடிக் கண்காணிப்பின்கீழ் வந்தது, ஐந்தாண்டு கழித்து வெளியேறியது, 2023-இல் மறுபடி உள்ளே போனது. இவற்றுக்கெல்லாம் லண்டன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

தவறைத் திருத்த வைப்பது எதிர்க்கட்சியின் வேலை. வேல்ஸில் 1999 முதல் 2021 வரை நடந்த எல்லாத் தேர்தல்களிலும் தொழிற்கட்சியே முதலிடம். விகிதாசாரம் கலந்த தேர்தல் முறை என்பதால் 60-இல் 30-ஐ அது ஒருபோதும் தாண்டியதில்லை, சிலசமயம் வெல்ஷ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியோடோ லிபரல்களோடோ சேர்ந்து ஆண்டது. ஆனாலும் ஆட்சி கைமாறும் என்ற பயம் அமைச்சர்களுக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. அந்த நிலை இப்போது உடைந்துவிட்டது. ஒரு நூற்றாண்டாகத் தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த கேர்ஃபிலி தொகுதியில் 2025 அக்டோபர் இடைத்தேர்தலில் பிளைட் கம்ரி வென்றது, தொழிற்கட்சி மூன்றாமிடத்துக்குப் போனது.

இன்னொரு குறை, கண்காணிக்க ஆள் போதவில்லை. 60 பேரில் அமைச்சர்கள், அவைத்தலைவர் போக நாற்பது சொச்சம் பேர்தான் எல்லாக் குழுக்களையும் நடத்த வேண்டியிருந்தது. ஒருவரே காலையில் சுகாதாரக் குழுவிலும் மறுநாள் நிதிக் குழுவிலும் உட்காருவார். வட அயர்லாந்துக்கு மக்கள் 19 லட்சம், உறுப்பினர்கள் 90. ஸ்காட்லாந்துக்கு 129. ஒரு பட்ஜெட்டையும் ஒரு சட்ட வரைவையும் வரிக்கு வரி படிக்க நேரம் இல்லாத உறுப்பினரிடம் நல்ல சட்டத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மக்களோ அந்த மன்றத்தை வேண்டியபோதும் அதன் தேர்தலுக்கு வரவில்லை. 1999 முதல் 2021 வரை ஒரு தேர்தலில்கூட வாக்குப்பதிவு 50 விழுக்காட்டைத் தொட்டதில்லை. வேல்ஸ்காரர்கள் படிப்பது பெரும்பாலும் லண்டன் பத்திரிகைகள். மருத்துவமனையை யார் நடத்துகிறார்கள் என்பதே பலருக்குக் குழப்பம். கோவிட் காலம் அதை மாற்றியது. ஒவ்வொரு வாரமும் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட் தொலைக்காட்சியில் வந்து வேல்ஸுக்கான விதிகளைச் சொன்னார். எல்லைப் பாலத்தைத் தாண்டினால் வேறு சட்டம் என்பதை மக்கள் முதல்முறையாகத் தங்கள் அன்றாடத்தில் உணர்ந்தார்கள்.

2023 செப்டம்பரில் இன்னும் அழுத்தமாக உணர்ந்தார்கள். குடியிருப்புச் சாலைகளில் வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தார்கள். எதிர்த்துப் போட்ட மனுவில் 4,60,000-க்கு மேல் கையெழுத்து. செனெத்தின் வரலாற்றில் அதுவே பெரியது. விபத்துக் காயங்கள் குறைந்தன என்று பின்னர் வந்த புள்ளிவிவரங்கள் காட்டின. கோபமும் குறைந்தபாடில்லை, எந்தச் சாலைகளில் 30-க்குத் திரும்பலாம் என்று உள்ளாட்சிகளைப் பரிசீலிக்கச் சொல்ல வேண்டிவந்தது. அந்தச் சட்டம் சரியா தவறா என்பது வேறு. அத்தனை லட்சம் பேரின் கோபமும் லண்டன் பக்கம் திரும்பாமல் கார்டிஃபுக்கு வந்து சேர்ந்தது. தங்கள்மேல் முடிவெடுப்பது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கப்பெல் கெலின் மக்கள் அன்று லிவர்பூலுக்கு ஊர்வலம் போய்க் கெஞ்ச வேண்டியிருந்ததை நினைத்துப் பார்த்தால், எனக்கு இது பெரிய மாற்றமாகப் படுகிறது.

இன்னும் திறந்திருக்கும் ஓட்டை ஒன்று உண்டு. வேல்ஸின் ஒப்புதல் இல்லாமல் பகிரப்பட்ட துறைகளில் லண்டன் 'சாதாரணமாக' சட்டம் இயற்றாது என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் லண்டன் நாடாளுமன்றத்தின் அதிகாரம் எதுவும் குறையாது என்று முந்தைய சட்டத்தின் வரியும் அப்படியே இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பின் 2020-இல் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் வந்தபோது செனெத் ஒப்புதல் மறுத்தது. சட்டம் நிறைவேறியது. 36 எம்.பி.க்களின் காலத்திலிருந்து நிலைமை நிறைய மாறியிருக்கிறது, ஆனால் அடித்தளத்தில் இருக்கும் அந்த விதி மாறவில்லை.

2020 மே மாதம் மன்றம் தன் பெயரை அதிகாரபூர்வமாக 'செனெத் கம்ரி' என்று மாற்றிக்கொண்டது, 16 வயதினருக்கும் வாக்குரிமை கொடுத்தது. 2024-இல் தன் உறுப்பினர் எண்ணிக்கையை 2026 மே தேர்தல் முதல் 96 ஆக்கும் சட்டத்தை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஆதரவோடு நிறைவேற்றியது. 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், கட்சிப் பட்டியலுக்கு மட்டும் வாக்கு. பிடித்த வேட்பாளரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வாக்காளருக்கு வழியில்லை. ஆள் போதாத குறையைத் தீர்க்கும்போது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கட்சித் தலைமைகளிடம் கொடுத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

கார்டிஃப் விரிகுடாவில் ஒரு காலத்தில் நிலக்கரிக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகக் கரையில், கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைத்த செனெத் கட்டடம் 2006 மார்ச் 1-இல் திறக்கப்பட்டது. தரையில் வேல்ஸ் ஸ்லேட் கல், தலைக்குமேல் அலையாக நெளியும் மரக்கூரை. பொதுமக்கள் மேல்தளத்தில் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்க, கீழே வட்டமாக உறுப்பினர்கள் உட்காருகிறார்கள். அந்த அறையை வரையும்போதே, என்றாவது 80 பேர் உட்கார வேண்டிவரலாம் என்று இடம் விட்டுத்தான் கட்டினார்கள். 96 பேருக்கு அதுவும் போதாது. விரிவாக்க வேலைக்காக 2025-இல் மேசை நாற்காலிகளைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். உறுப்பினர்கள் பக்கத்துக் கட்டடத்தில், 1999-இல் முதன்முதலாகக் கூடிய அதே பழைய அறைக்குத் திரும்பிப் போய் அவையை நடத்தினார்கள்.